கோயமுத்தூரில் கடல் வற்றிய மத்தியானம்

நான் வேலை பார்த்த தாவரவியல் துறைக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். போனேன். பேனா டார்ச் போல ஒன்று, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனையில் பெட்டி. சேற்றுத் தட்டுக்கு மேலே பிடித்தால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கிறது, பெட்டியில் எண் வந்து நிற்கிறது. சேற்றைத் தொடவே வேண்டியதில்லை. அதைப் பிடித்திருந்த பெண் என்னைப் பார்த்து, நீங்களெல்லாம் காகிதத்தை வைத்து எடுத்தீர்களாமே, எப்படி என்று கேட்டாள். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். துறை மலரில் போடுவதாகச் சொல்கிறார்கள். ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த மெஷினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல மெஷின். ஆனால் அது இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவை மனுஷக் கைகள், அவற்றில் என் கைகளும் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கூச்சம்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீர் ஏறியும் இறங்கியும் போகிற இடங்களில், தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றுத்திட்டு இருக்கும். அந்தச் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடியில் செய்த சின்னப் படகுகள் போல இருக்கும். தண்ணீர் வற்றி வெயில் பட்டால் அவை சேற்றுக்குள்ளிருந்து மேலே ஏறி வரும். தண்ணீர் திரும்புவதற்கு முன்னாலேயே கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். எப்போது ஏறுகின்றன, எவ்வளவு ஏறுகின்றன, எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகின்றன என்று அளப்பதுதான் எங்கள் வேலை. நண்டும் இறாலும் பறவையும் கடைசியில் இந்தப் பாசியை நம்பித்தான் இருக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் சுலோசனா மேடம் சொல்வார்.

கடல் எங்கே, கோயமுத்தூர் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் சத்தியமங்கலம் பக்கம் பிறந்தவள். பவானி வாய்க்கால் பாயும் வயல்களில் அம்மாவோடு நாற்று நட்டவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தேன். வீட்டுக்காரர் மில்லில் இருந்தார், சீக்கிரமே போய்விட்டார். நான் கல்லூரி விடுதிச் சமையலறையில் சேர்ந்தேன். அப்போது தாவரவியல் துறையில் சுலோசனா மேடம் ஒரு உதவியாளர் கேட்டார். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று வார்டன் கேட்டதற்கு, பேசாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள் என்றாராம். சமையலறை மொத்தமும் என்னைக் கை காட்டியது. பேசாமல் இருந்ததற்காக வேலை கிடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏன் பேசக்கூடாது என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. லென்ஸ் துடைக்கிற மெல்லிசுக் காகிதம் ஒன்று உண்டு. வெங்காயச் சருகை விட மெல்லிசு. அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்து, சேற்றின் மேலே விரிக்க வேண்டும். அடியில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் கெட்டது. பாசிகள் மேலே ஏறும்போது அந்தக் காகிதத்துக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஃபோர்செப்ஸால் மேல் காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து, இழுக்காமல், ஒரே மூச்சில் தூக்க வேண்டும். இழுத்தால் சேறும் கூட வந்துவிடும். சேறு வந்தால் கணக்கு போயிற்று. குனிந்து பேசினால் காகிதம் பறக்கும், தும்மினால் கேட்கவே வேண்டாம். இதைப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று. நாற்று நடும்போது சேற்றைக் கலக்காமல் விரலை வெளியே எடுப்போமே, அந்தப் பழக்கம் கொஞ்சம் கைகொடுத்தது.

தூக்கிய காகிதத்தை அசிட்டோன் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் போட்டு, வெளிச்சம் படாமல் சில்வர் தாளைச் சுற்றி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைப்போம். பாசியின் பச்சை அசிட்டோனில் இறங்கிவிடும். மறுநாள் அந்தப் பச்சையை ஸ்பெக்ட்ரோ என்கிற மெஷினில் வைத்துப் படிக்க வேண்டும். முதலில் ஒரு தடவை. பிறகு ஒரு துளி அமிலம் விட்டு இன்னொரு தடவை. உயிரோடிருந்த பாசியின் பச்சை என்றால், அமிலம் பட்டதும் எண் நன்றாக இறங்கும். ஏற்கெனவே செத்துப்போன பாசி என்றால் எண் அசையாது. எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு உயிரோடிருந்தது என்று இரண்டும் தெரிந்துவிடும். மெஷினைப் படிப்பது என் வேலை இல்லை. அது படித்தவர்கள் வேலை. அதுவரைக்கும் உள்ளது என் வேலை.

சேறு எடுக்கக் கேரளத்துக் கடலோரம் கடலுண்டிக்குப் போவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில். கடலை நான் முதன்முதலில் பார்த்தது அப்படிப் போனபோதுதான். பார்த்துப் பயந்தேன். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் இறங்கினார். மில் முதலாளி வீட்டுப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நகையெல்லாம் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் எனக்கென்ன பயம், நானும் இறங்கினேன்.

மேல் சேற்றை மட்டும் வழித்து எனாமல் தட்டுகளில் பரப்பி, ஈரச்சாக்கு போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் திரும்புவோம். வாடை பெட்டி முழுக்க அடிக்கும். ஒரு தடவை எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, கருவாடா என்று கேட்டார். சேறு என்றேன். அவர் நம்பவில்லை. விலை கேட்டுவிடுவேன் என்று மறைக்கிறாயா என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

எவ்வளவு ஆழத்துக்குப் பாசி இறங்கியது என்று பார்க்க, முனை வெட்டிய சிரிஞ்சைச் சேற்றில் செருகி ஒரு சின்னத் தூண் போல எடுத்து, அதை அப்படியே உறைய வைத்து, பிளேடால் வில்லை வில்லையாக அறுப்போம். உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதை நாங்கள் வாங்கியது மாட்டாஸ்பத்திரியில். அங்கே மாட்டுக்குச் சினை ஊசி போட வைத்திருப்பார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த டாக்டர், இன்னைக்கு எந்தச் சேத்துக்குங்க சினை ஊசி என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

சுலோசனா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் மேசை விளிம்பில் ஒரு விரலை ஓட்டிப் பார்ப்பார். தூசி இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குட்டையால் துடைப்பார். அதற்குப் பிறகு அந்த மேசையில் தூசி இருக்காது. எங்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் வாயில் ஒரு "ங்க"வுக்குப் பக்கத்தில் இன்னொரு "ங்க" வந்துவிட்டது என்றால் எல்லாரும் அவரவர் வேலையைத் திரும்ப ஒரு தடவை சரிபார்க்கத் தொடங்குவோம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார் என்றால் நிலைமை அதை விட மோசம்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண்களில் அமுதாவும் ஒருத்தி. காங்கேயத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே தேங்காய் எண்ணெய் செக்கும் கொப்பரைக் களமும் இருந்தன. அமுதா கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. கடலிலிருந்து எடுத்து வந்து கோயமுத்தூரில் ஓர் அறையில் வைத்துவிட்டால், கடல் ஏறுவதும் இறங்குவதும் இல்லாத இடத்தில், இந்தப் பாசி என்ன செய்யும்? அதே நேரத்துக்கு மேலே வருமா, மறந்துவிடுமா?

மறக்கவில்லை. முதன்முதலில் அதைப் பார்த்த நாளை நான் மறக்கமாட்டேன். ஜன்னலோரம் தட்டுகள். சாம்பல் நிறச் சேறு. அங்கே கடலுண்டியில் தண்ணீர் வற்றுகிற நேரம் வந்ததும், இங்கே தட்டில் சேற்றின் மேலே மெல்லப் பொன்னிறம் படர்ந்தது. கருப்பட்டிப் பாகு ஊற்றினால் படருமே, அப்படி. தண்ணீர் திரும்புகிற நேரத்துக்குச் சரியாக மறைந்துவிட்டது. ஆனால் அந்த ஞாபகம் அதற்குச் சில நாட்கள்தான் இருக்கும். பிறகு குழம்பிப்போகும். அதனால் சேறு வந்த சில நாளுக்குள் எல்லா அளவும் எடுத்தாக வேண்டும்.

அமுதாவுக்கு இன்னும் ஒரே ஒரு தொடர் பாக்கி இருந்தது. அவள் அப்பாவோ பொறுமை இழந்துவிட்டார். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, விஜயதசமி அன்று நானே வந்து கூட்டிப் போகிறேன், அதற்குள் முடித்தால் முடி, இல்லாவிட்டால் விடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. தட்டுகளுக்கு ஈரச்சாக்கை நனைத்துக்கொண்டே சொன்னாள். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் கடலுண்டிச் சேற்றோடு வந்து இறங்கினோம்.

ஆயுத பூஜையை எங்கள் துறையில் விமரிசையாகச் செய்வோம். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம், ஸ்பெக்ட்ரோவுக்கு மாலை, ஃபிரிட்ஜுக்குக் கூட ஒரு பொட்டு. பொரி, கடலை, சுண்டல். அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது, மறுநாள் மறுபூஜை முடிந்துதான் தொடலாம். ஆனால் கடல் பூஜை பார்த்து நிற்காதே. அதற்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். காகிதத்தைத் தூக்குவது கை வேலை, அதைச் செய்யலாம். மெஷின் வேலைதான் மறுநாள். எப்படியும் குழாய் ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியதுதான். சாமிக்கும் குறை இல்லை, சேற்றுக்கும் குறை இல்லை.

அன்று காலை தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. மற்ற துப்புரவு எல்லாம் சுப்பிரமணி அண்ணன். எங்கள் துறையின் இன்னொரு உதவியாளர், பக்திமான். மேலே கீழே எதையும் விடாமல் கழுவித் துடைத்து வைத்தார். மத்தியானம் பூஜை. அதற்குப் பிறகு சேறு பொன்னிறமானதும், அவர் கழுவி வைத்த குழாய்களில் நானும் அமுதாவும் காகிதங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினோம். குழாய்கள் வைரம் போல மின்னின. இப்படியொரு சுத்தம் நான் பார்த்ததில்லை என்று அமுதா கூடச் சொன்னாள்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடித்து மேடம் ஸ்பெக்ட்ரோவின் மாலையை எடுத்து வைத்தார். அமுதா முதல் குழாயைப் படித்தாள். ஒரு துளி அமிலம் விட்டுத் திரும்பப் படித்தாள். எண் அசையவில்லை. இரண்டாவது குழாய், அதுவும் அப்படியே. ஐந்தாறு குழாய் பார்த்த பிறகு அவள் மேடம் பக்கம் திரும்பினாள்.

"செத்துப்போச்சுங்க மேடம். எல்லாமே செத்ததுதானுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

அமுதாவின் அப்பா எந்த பஸ்ஸிலும் வந்து இறங்கலாம். அவர் வந்தால் அவள் போக வேண்டியதுதான். செத்த சேற்றை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று யார் கேட்பது? நான் சுவரோரம் நின்றேன். நேற்று மத்தியானம் தட்டு பொன்னிறமானதை நானும் பார்த்தேன், அமுதாவும் பார்த்தாள். செத்தது எப்படி ஏறி வரும்? இதைச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று. மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க தெய்வானை, சொல்லுங்க."

"நேத்து மேல வந்துதானுங்க எடுத்தோம்."

"வந்துதுங்களா? நல்லா வந்துதுங்களா?"

"நல்லா வந்துதுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப சேறும் பொய் சொல்லலை, மெசினும் பொய் சொல்லலை. நடுவுல என்னமோ நடந்திருக்குது" என்றார். காகிதக்கட்டை எடுத்து முகர்ந்தார். அசிட்டோன் பாட்டிலைப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு குழாயின் சில்வர் தாளை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பச்சை இல்லை. மங்கிய பழுப்பு.

"கீரை வேகறப்பவே புளி ஊத்திப்போட்டா இந்த நெறந்தானுங்க வரும்" என்றார்.

பிறகு சுப்பிரமணி அண்ணனைக் கூப்பிட்டார். நீங்க கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க, குழாயை எதில் கழுவினீங்கன்னு சொல்லுங்க என்றார். எண்ணிப் பார்க்க முடியாத அளவு "ங்க". அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. நடந்தது இதுதான். சோப்பில் கழுவினால் சாமிக்குப் போதாது என்று, கறை எடுக்கிற அமிலத் தொட்டியில் எல்லாக் குழாய்களையும் ஊறப்போட்டிருக்கிறார். ஊறப்போட்டது தப்பில்லை. எடுத்த பிறகு பல தடவை அலச வேண்டும். பூஜைக்காகக் கட்டடம் முழுக்கக் கழுவியதில் மேல்தொட்டி காலி. சிறுவாணித் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிற நாளும் அது இல்லை. ஒரே ஒரு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டார். மூடியின் திருகில் அமிலம் தங்கிவிட்டது. பாசியின் பச்சை ராத்திரியோடு ராத்திரியாக அதில் கெட்டுப்போனது. மறுநாள் நாங்கள் விடுகிற ஒரு துளிக்கு முன்னாலேயே அதன் வேலை முடிந்திருந்தது.

"சாமி கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியோணும்னு செஞ்சுபோட்டனுங்க" என்றார் அண்ணன்.

"சாமிக்குத் தெரிஞ்சிருச்சுங்க, நமக்குத்தான் தெரியலை" என்றார் மேடம். கோபம் போய்விட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது, ஒரு "ங்க"தான் இருந்தது.

ஆனாலும் சும்மா நம்பிவிடுகிறவர் இல்லை அவர். வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் நாலு இணுக்கு பறித்து வரச் சொன்னார். அசிட்டோன் விட்டு அரைத்து, பாதியை அண்ணன் கழுவி வைத்த காலிக் குழாய் ஒன்றில் ஊற்றி மூடிக் குலுக்கினார், பாதியைத் தான் காப்பி குடிக்கிற கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். டம்ளரில் பச்சை பச்சையாகவே இருந்தது. குழாயில் கண் முன்னாலேயே பழுப்பேறியது. அமுதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இன்னைக்கு மத்தியானம் ஒரு வத்தல் இருக்குதுங்களே மேடம் என்றாள்.

ஒரே ஒரு வத்தல், கடல் வற்றுகிற ஒரே ஒரு நேரம். அதற்குள் குழாய்கள் எல்லாம் அமிலம் இல்லாமல் ஆக வேண்டும். தண்ணீர் இல்லை. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற எங்கள் வடிநீர் அடுப்பு சொட்டுச் சொட்டாக வடிக்கும். அதை நம்பினால் தீபாவளி வந்துவிடும். அப்போது சுப்பிரமணி அண்ணன் எழுந்தார். காந்திபுரத்தில் பேட்டரிக் கடையில் வடிநீர் கேன் கேனாக விற்கிறது, நான் வாங்கி வருகிறேன் என்றார். மேடம் யோசித்தார். பேட்டரிக் கடை என்றால் அங்கேயும் அமிலம்தானே. இருந்தாலும், போய் வாருங்கள் என்றார்.

விஜயதசமி ஆனதால் கடை திறந்திருந்தது. கடைக்காரருக்கு அன்றைய முதல் போணி. இத்தனை கேனா, எத்தனை லாரிக்கு என்று கேட்டிருக்கிறார். அண்ணன், கண்ணாடிக் குழாய் கழுவ என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். பூஜைக்குக் கழுவலையா என்று கடைக்காரர் கேட்க, அதுதானுங்க பிரச்சினை என்று சொல்லிவிட்டுத் தலையில் ஒன்றும் இரண்டு கையிலும் இரண்டுமாகத் தூக்கி டவுன் பஸ்ஸில் ஏறி வந்தார். ஒரு கேனின் மூடியில் குங்குமம் வைத்திருந்தது.

மேடம் ஒவ்வொரு கேனிலும் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தார். நீலம் நீலமாகவே இருந்தது. நாலு பேரும் தரையில் உட்கார்ந்து அலசினோம். மேடமும்தான். குழாயை அலசி, மூடியின் திருகை அலசி, கடைசிச் சொட்டில் தாளை நனைத்து, சிவந்தால் திரும்ப.  கண்ணாடி மோதுகிற சத்தம் மட்டும்.

அந்தச் சமயத்தில்தான் அமுதாவின் அப்பா வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உயரம். பேராசிரியர் தரையில் உட்கார்ந்து மூடி கழுவுவதைப் பார்த்து, உள்ளே வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். மேடம் எழுந்து கும்பிட்டு, நடந்தது அத்தனையும் மறைக்காமல் சொன்னார். தப்பு எங்கள் பக்கம், உங்கள் பெண் பக்கம் இல்லை, இன்று சாயங்காலம் வரை இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் முகம் இளகவில்லை.

"எம்பொண்ணு என்ன படிக்கறான்னு ஊர்ல கேக்கறாங்க. சேத்தப் பாக்கறான்னு சொல்ல முடியுதுங்களா?"

"சேத்தத்தானுங்க பாக்கறாங்க. வந்துட்டீங்க, நீங்களும் பாத்துட்டுப் போங்க."

நான் அதற்குள் தட்டுகளிடம் போய்விட்டேன். காகிதங்களை விரிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று, குமிழில்லாமல், அமுதாவும் நானும் எதிரெதிரே குனிந்து விரித்து முடித்தோம். இனிக் காத்திருப்புதான். வெயில் ஜன்னல் வழியாக நேராகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

அமுதாவின் அப்பா பார்க்க வந்தார். வந்து ஜன்னலுக்கும் தட்டுக்கும் நடுவே நின்றுவிட்டார். அவர் நிழல் இரண்டு தட்டுகளையும் மூடியது.

நிழல் விழுந்தால் பாசி இருட்டென்று நினைத்து இறங்கத் தொடங்கிவிடும். அமுதா தலை நிமிரவில்லை, அப்பாவிடம் அவளால் சொல்ல முடியாது. மேடம் உள்ளே அசிட்டோன் அளந்துகொண்டிருந்தார். மிச்சம் நான். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஒருவர் எதிரே வந்தால் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நிற்க எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தள்ளி நிற்பது எப்போதும் நாங்கள்தான்.  ஆனால் சேற்றின் ஓரத்தில் அப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழல் விழுகுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அவர் நகர்ந்தார். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, சுவர் வரைக்கும் போய், இங்க நின்னா ஆகுங்களா என்று கேட்டார். ஆகுங்க என்றேன். என் வேலைக்காலத்தில் நான் உரக்கச் சொன்ன வார்த்தை அதுதான். 

அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொப்பரை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்தானே. சாம்பல் சேறு மெல்ல மெல்லப் பொன்னிறமானது. அவர் கண்ணெடுக்கவில்லை. அமுதா நேரம் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் மூலையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒன்றில் கூடச் சேறு வரவில்லை. ஒன்று கூடக் கிழியவில்லை. இதை எழுதும்போதும் என் விரல்களுக்கு அந்தக் காகிதத்தின் எடை தெரிகிறது. எடை என்று சொல்வதே தப்பு.

மேடம் வந்து அவர் பக்கத்தில் நின்றார். அமுதாவின் அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

"கடலு அங்க வத்தறது இதுக்கெப்படிங்க தெரியுது?"

"அதைத்தானுங்க உங்க பொண்ணு கேட்டுட்டு இருக்கறாங்க."

 தினமும் இதே நேரம்தானா என்று அப்பா கேட்டார். இல்லை, கடல் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று பிந்திக்கொண்டே போகும், சேறும் அப்படியே பிந்தும் என்று அமுதா சொன்னாள். அப்பாவுக்கு முகம் கொடுத்து அன்று அவள் பேசிய முதல் பேச்சு. அவர் தலையை ஆட்டினார். பொன்னிறம் மறைந்து தட்டு திரும்பச் சாம்பலாகும் வரை எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது மகளிடம் சொன்னார்: "நாளைக்குச் செக்குக்குப் போன் போடு அம்மணி. கணக்கு சரியா வந்துதுன்னா பாக்கலாம். வரலைன்னா சாயங்கால பஸ்ஸுக்கு வந்துரோணும்." மேடத்துக்குக் கும்பிடு போட்டார். என் பக்கமும் ஒரு தடவை தலை அசைத்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஸ்பெக்ட்ரோ முன்னால் நாங்கள் எல்லாரும் நின்றோம். சுப்பிரமணி அண்ணன் மட்டும் வெளியே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். அமுதா முதல் குழாயைச் சில்வர் தாளிலிருந்து எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சை. இளந்தளிர்ப் பச்சை. படித்தாள். ஒரு துளி அமிலம் விட்டாள். எண் இறங்கியது, நன்றாக இறங்கியது. அடுத்த குழாயும் அப்படியே. கடைசிக் குழாய் வரை அப்படியே. காகிதத்தில் அவள் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, கோடு ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கியது. கடலைப் பார்க்காத ஊரில் வரைந்த கடலின் கோடு. மேடம் அதை ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டினார். தூசி இல்லை.

அன்றைய வத்தல் வந்து போகும் வரை தட்டுகளோடு இருந்துவிட்டு, சாயங்காலம் அமுதா என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். செக்கில் யாரோ எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். அமுதா, அப்பா, கணக்கு என்று தொடங்கினாள். அவர் முடிக்கவிடவில்லை. சத்தம் எனக்கே கேட்டது. செக்குச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்.

"அது கெடக்கட்டும் கண்ணு. இன்னைக்கு எப்ப மேல வந்துது? நேத்தைக்கு விடப் பிந்தித்தானே வந்திருக்கோணும்?"

பஸ்ஸைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அமுதா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "எப்ப வந்துதுங்க அக்கா?" என்றாள். தட்டைக் கடைசி வரை பார்த்தவள் நான்தான். சொன்னேன். நான் சொன்னதை அவள் அப்படியே அப்பாவுக்குச் சொன்னாள்.